காலை வானொலியில் பழைய கார்: நிகழ்ச்சி நடத்த வருகிறவர்களுக்கு

என் நிகழ்ச்சிக்கு முதன்முதலில் வந்த பழைய கார்க்காரர் கையில் தடித்த புகைப்பட ஆல்பம் ஒன்று இருந்தது. கார் வாங்கிய நாள், இன்ஜினை இறக்கிய நாள், பெயின்ட் அடித்த நாள் என்று பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். நானும் குனிந்து பார்த்து, "அடடா, என்ன நிறம்!" என்றேன். மாலையில் அந்தப் பதிவைக் கேட்டேன். தாள் புரளும் சத்தமும் இரண்டு பேர் வியப்பதும்தான் கேட்டன. கார் என்ன நிறம் என்று இருவரில் ஒருவர்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அன்று பிடித்துக்கொண்ட பாடத்தை இன்றுவரை விடவில்லை. வானொலியில் ஒரு கார் என்பது அதன் சத்தமும், அதை வைத்திருப்பவரின் வாழ்க்கையும்தான். இந்த இரண்டும் கேட்பவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தால் பளபளப்பையும் வளைவையும் அவரே மனத்தில் வரைந்துகொள்வார். உள்ளூர் நிலையமொன்றில், காலை வேளையில், விருந்தினரும் சிரிப்புமாகப் பழைய கார்களைப் பற்றிப் பேசப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிகளை நான் வேலை செய்யும் வரிசையிலேயே தருகிறேன்.

1. கேட்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள்

காலையில் யாரும் சாவகாசமாக உட்கார்ந்து வானொலி கேட்பதில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டு, நெரிசலில் கிளட்சை மிதித்துக்கொண்டு கேட்கிறார்கள். நடுவில் வருகிறார்கள், முடியும் முன்பே போய்விடுகிறார்கள். அதனால் விருந்தினர் யார், என்ன கார் என்பதைத் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்தக்கூடாது. மூன்று, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சோடு பேச்சாக மறுபடி சொல்ல வேண்டும். "1959 மாடல் மினி வைத்திருக்கிறீர்கள், அதில் குடும்பமே ஊருக்குப் போனதாகச் சொன்னீர்கள்..." என்று கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டால் திரும்பச் சொல்வதே தெரியாது.

இன்னொன்று. ஓட்டிக்கொண்டே கேட்பவரால் ஒரு நேரத்தில் ஓர் எண்ணைத்தான் பிடித்துக்கொள்ள முடியும். இத்தனை சி.சி., இத்தனை குதிரைத்திறன், இத்தனை சிலிண்டர் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் மூன்றும் போய்விடும். மினியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், பத்து அடி நீளக் காருக்குப் பத்து அங்குலச் சக்கரம் என்று ஒரே எண்ணில் நிறுத்துங்கள். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காக வைத்து உள்ளே இடம் மிச்சம் பிடித்த கதையை அடுத்த பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. ஒரு மணி நேரத்தை வட்டமாக வரையுங்கள்

ஒரு தாளில் கடிகார வட்டம் போட்டு, எந்த நிமிடத்தில் என்ன என்று பிரித்து எழுதுங்கள். வானொலியில் பழகியவர்கள் எல்லோரும் செய்வது இது. புதியவர்கள் வேண்டாமென்று விடுவதும் இதைத்தான். என் வட்டம் ஏறத்தாழ இப்படி இருக்கும். 7 மணிக்குச் செய்தி. 7.05-க்கு வானிலையும் சாலை நிலவரமும். 7.10-க்கு ஒலிப்புதிர். பாட்டும் விளம்பரமும் முடிந்து 7.20-க்கு விருந்தினரின் முதல் பகுதி, ஆறு நிமிடம். மீண்டும் சாலை நிலவரம், பாட்டு. 7.35-க்கு இரண்டாம் பகுதி, காரின் சத்தத்தோடு, பேச்சு ஆறேழு நிமிடம். 7.46-க்கு நேயர் அழைப்பு. 7.55-க்குப் புதிருக்கு விடை, நாளை யார் வருகிறார் என்ற செய்தி.

கணக்குப் பார்த்தால் விருந்தினருக்குக் கிடைப்பது மொத்தம் பன்னிரண்டு பதிமூன்று நிமிடம். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் பேசப்போகிறோம் என்ற நினைப்போடு வருகிறவர் முதல் ஆறு நிமிடத்தை முன்னுரைக்கே செலவழித்துவிடுவார்.

3. விருந்தினரைத் தேடுங்கள்

விருந்தினர் என்றதும் எல்லோரும் கார் உரிமையாளரைத்தான் நினைப்பார்கள். ஆனால் ஒரு பழைய காரைச் சுற்றி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்யும் மெக்கானிக், துருப்பிடித்த தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் ஆள், இருக்கைக்குக் குதிரைமயிர் அடைத்துத் தைக்கத் தெரிந்த கைவினைஞர், பிறந்த வீட்டுக்கு அந்தக் காரிலேயே வந்துபோன மகள், பொறுத்துக்கொண்ட மனைவி, இருபது வருடம் அதே காரை ஓட்டிய டிரைவர். எனக்குக் கிடைத்த நல்ல நேர்காணல்களில் பாதி, சொந்தக்காரரோடு கூட வந்தவர்களிடமிருந்து வந்தவை. அதனால் எப்போதும், "உங்களோடு யாராவது வருகிறார்களா?" என்று கேட்டுவிடுவேன்.

அழைக்கும் முன் சில சொற்களைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் பழசெல்லாம் 'விண்டேஜ்' என்று பேசிப் பழகியிருக்கிறோம். கார் ஆர்வலர்களுக்கு அந்தச் சொல்லில் எல்லை உண்டு. 1934-இல் தொடங்கிய பிரிட்டனின் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப் கணக்கில் 1930 முடியும்வரை கட்டிய கார்கள்தான் விண்டேஜ். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 வயது ஆன, இயல்பு கெடாமல் பராமரிக்கப்படும் வாகனத்தையே வரலாற்று வாகனம் என்கிறது. விருந்தினரின் 1965 காரை நீங்கள் நேரலையில் விண்டேஜ் என்றால், முதல் இரண்டு நிமிடம் உங்களைத் திருத்துவதிலேயே போய்விடும். 'பழைய கார்', 'கிளாசிக் கார்' என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

4. முன்பேச்சு: கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்

ஒலிபரப்புக்கு இரண்டு நாள் முன்னால் விருந்தினரோடு தொலைபேசியில் பேசுங்கள். கதையின் வாசனை தெரிந்தால் போதும், கதை முழுவதையும் கறந்துவிடக்கூடாது. ஒருமுறை சொன்ன கதையை மறுநாள் சொல்லச் சொன்னால், "அன்றைக்குச் சொன்னேனே, அதுதான்" என்று சுருக்கிவிடுவார்கள். நல்ல இடம் வந்ததும் நானே நிறுத்திவிடுவேன்: "ஐயா, இதை அப்படியே வைத்திருங்கள். நேயர்களோடு சேர்ந்து நானும் அன்றைக்குத்தான் கேட்பேன்."

அந்தக் கால் மணி நேரத்தில் நான் தேடுவது ஒரு பொருளை. கதை எதில் தொங்குகிறதோ அந்தப் பொருள். பெர்த்தா பென்ஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1888 ஆகஸ்டில் தன் இரண்டு மகன்களோடு, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். காரில் அவ்வளவு தூரம் அதற்கு முன் யாரும் போனதில்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, தன் தொப்பி ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார் என்று அந்தக் கதை சொல்கிறது. ஆண்டு மறந்துபோகும், தூரம் மறந்துபோகும், தொப்பி ஊசி மறக்காது. உங்கள் விருந்தினரிடமும் அப்படியொரு தொப்பி ஊசி இருக்கும். காணாமல் போய் எட்டு வருடம் கழித்துக் கிடைத்த சாவியாக இருக்கலாம், அப்பா கையெழுத்தில் எரிபொருள் கணக்கு எழுதிய நோட்டாக இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நேர்காணலின் மற்றக் கேள்விகள் எல்லாம் அந்த வரியை நோக்கி நடக்கும்.

5. காரின் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள்

மற்றப் படிகளில் தவறு நேர்ந்தால் பேச்சுத் திறமையால் ஓரளவு மூடி மறைக்கலாம். இங்கே முடியாது. அதனால் இந்தப் படியில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் நாளே விருந்தினரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." வானொலிக்காரர் வருகிறார், வண்டி மக்கர் பண்ணக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அரை மணி முன்னாலேயே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பார்கள். சூடான இன்ஜின் ஒரு தட்டில் கிளம்பிவிடும். நமக்கு வேண்டியது இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இன்ஜின். இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கை இழுக்கும் கிளிக், செல்ஃப் இழுவை, ஒரு செருமல், நின்றுபோதல், மறுபடி முயற்சி, பிறகு ஒவ்வொரு சிலிண்டராகத் தூக்கம் கலைந்து சேர்ந்துகொள்வது. அந்த இருபது வினாடிக்குள் ஒரு முழு நாடகம் இருக்கிறது. அது நாளுக்கு ஒருமுறைதான் கிடைக்கும்.

பதிவுக் கருவியை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். மிக உரத்த சத்தமே மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தும் சத்தமும் ஹாரனும் நினைத்ததைவிடப் பல மடங்கு உரக்க இருக்கும். அவற்றுக்குத் தனியாக இன்னும் குறைக்க வேண்டும். வெட்டவெளியில் மைக்குக்குப் பஞ்சு உறை போதாது, ரோம உறை போடுங்கள். சைலன்சர் சத்தத்துக்கு மைக்கைக் குழாய்க்கு நேர் பின்னால் பிடித்தால் காற்றுதான் பதிவாகும். ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். இன்ஜினுக்குப் பானெட்டைத் திறந்து மட்கார்டின் ஓரத்திலிருந்து அரை மீட்டரில் பிடிக்கலாம். உள்ளே உட்கார்ந்து பதிவு செய்யும்போது பயணியின் தோள் உயரம் நல்லது.

வயர்லெஸ் மைக் பழைய காரிடம் தோற்றுப்போகும். ஸ்பார்க் பிளக்கில் பாயும் ஒவ்வொரு பொறியும் வானொலி அலையைக் கிளப்புகிறது. வானொலியின் தொடக்க கால அனுப்பிகளே பொறியால் இயங்கியவைதாம். இப்போதைய கார்களில் அந்த இரைச்சலை அடக்கத் தடை வைத்த வயர்கள் உண்டு. பழைய செம்பு வயர்களில் அது இருக்காது. அதனால் இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஒரு டிக்டிக் சத்தம் பதிவில் ஏறிவிடலாம். வயர் மைக்கையே எடுத்துப் போங்கள். பதிவு செய்யும்போது ஹெட்போனைக் கழற்றாதீர்கள்.

பதிவு செய்ய வேண்டியவற்றை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால் விட்டுப்போகாது. முன்கதவு திறந்து சாத்துவது, பின்கதவு, டிக்கி, சாவி, ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், ஹேண்ட்பிரேக், ஒவ்வொரு கியருக்கும் மாறுவது, ஒரு சின்ன ஓட்டம், கடைசியாக இன்ஜினை அணைத்த பின் உலோகம் ஆறும்போது கேட்கும் மெல்லிய டிங்டிங். எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சும்மாச் சத்தத்தை ஒரு நிமிடம் எடுங்கள். வெட்டி ஒட்டும்போது அதுதான் பசை.

ஒவ்வொரு காருக்கும் தனிக்குரல் உண்டு. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்றால் குளிரும் நான்கு சிலிண்டரில் தகரமும் மின்விசிறியும் சேர்ந்த ஒரு படபடப்பு. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காரின் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் கொதிக்கும் பாத்திர மூடிபோல ஒரு நடுக்கம். 1955-இல் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரை ஸ்டார்ட் செய்தால் படுத்திருக்கும் ஒட்டகம் போலக் கார் தன் உடம்பைத் தானே தூக்கி நிற்கும். அந்தச் சமயத்தில் உரிமையாளரைப் பக்கத்தில் நிறுத்தி, என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு வர்ணனை எழுதும் வேலையே இருக்காது.

டேஷ்போர்டில் அசல் ரேடியோ இருந்தால் அதையும் கேளுங்கள். காரும் வானொலியும் பழைய சிநேகிதர்கள். 1930-இல் பால் கால்வினின் நிறுவனம் காருக்கென்று ஒரு ரேடியோவைச் செய்து அதற்கு மோட்டோரோலா என்று பெயர் வைத்தது. பிறகு அந்தப் பெயர்தான் நிறுவனத்துக்கே ஆனது. வால்வு ரேடியோ போட்ட உடனே பாடாது. பேட்டரியின் 6 வோல்ட்டை வால்வுகளுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தமாக்க வைப்ரேட்டர் என்ற சிறு கருவி ரீங்கரிக்கும், வால்வு சூடேறும், பிறகு தூரத்திலிருந்து நடந்து வருவதுபோலக் குரல் வரும். உங்கள் நிலையம் அந்த அலைவரிசையில் இருந்தால் உங்கள் நிகழ்ச்சியையே அதில் பிடித்துப் பதிவு செய்யுங்கள். நான் ஒருமுறை செய்தேன். அன்று வந்த அழைப்புகளை எடுத்து முடியவில்லை.

பாதுகாப்பு பற்றி இரண்டே வரி, ஆனால் கண்டிப்பாக. மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓடவிடக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உயிரை எடுக்கும். மைக் வயரையோ துப்பட்டாவையோ ஃபேன் பெல்ட் பக்கம் தொங்கவிடக்கூடாது.

6. ஸ்டூடியோவில் உட்கார வைப்பது

விருந்தினரை அரை மணி முன்னால் வரச்சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள், கைப்பேசியை அணைக்கச் சொல்லுங்கள், ஆல்பத்தை வெளியிலேயே வாங்கி வையுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி, சற்றே பக்கவாட்டில். 'ப', 'ட' ஒலிகள் வெடிக்காது. இதைவிட நெருங்கினால் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல அடித்தொண்டையில் கனக்கும். விலகினால் அறை எதிரொலிக்கும். கார்க்காரர்கள் கையாலேயே பேசுகிறவர்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பிக்காட்டும்போது உடம்போடு சேர்ந்து வாயும் மைக்கைவிட்டு நகரும். சுழலாத நாற்காலி போடுங்கள்.

ஒலி அளவு பார்க்க, "ஒன்று, இரண்டு, மூன்று சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். அப்போது பேசும் குரல் வேறு, பிறகு பேசும் குரல் வேறு. "இங்கே எப்படி வந்தீர்கள், வழியில் வண்டி ஏதாவது படுத்தியதா?" என்று கேளுங்கள். உண்மையான குரல் வரும், பதற்றமும் பாதி இறங்கிவிடும்.

7. நேர்காணல்

ஒரு முறைக்கு ஒரு கேள்வி. "எப்போது வாங்கினீர்கள், ஏன் வாங்கினீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள்?" என்று மூன்றைக் கோத்துக் கேட்டால் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வரும். "இந்தக் காரை ஓட்டுவது எப்படி இருக்கும்?" என்று கேட்டால் "ரொம்ப நல்லா இருக்கும்" என்பதோடு நின்றுவிடும். கையையும் காலையும் கேளுங்கள். ஃபோர்டு மாடல் டி-யை வைத்திருப்பவர் வந்தால், "கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள். இடது காலில் என்ன இருக்கிறது?" என்று ஆரம்பியுங்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்த அந்தக் காரில் வலது பெடல் பிரேக், நடுப்பெடல் ரிவர்ஸ், இடது பெடல் கியர், ஆக்சிலரேட்டர் ஸ்டீயரிங்குக்குக் கீழே கைப்பிடியாக இருக்கும். நெரிசலில் ஓட்டிக்கொண்டே கேட்பவர் தன்னையறியாமல் தன் காலைப் பார்ப்பார். அந்தக் கணத்தில் அவர் அந்தக் காருக்குள் இருக்கிறார்.

விருந்தினர் தயங்கி நின்றால் இரண்டு வினாடி பொறுங்கள். புதியவர்களுக்கு மௌனம் என்றால் பயம். உடனே அடுத்த கேள்வியைக் கொட்டிவிடுவார்கள். அப்பா விட்டுப்போன காரைப் பற்றிப் பேசுகிறவருக்குத் தொண்டை அடைக்கும் இடம் ஒன்று வரும். அந்த மௌனத்தை நேயரும் கேட்க வேண்டும்.

விருந்தினர் 'இது', 'அது', 'இவ்வளவு பெரிசு' என்றால் உடனே மொழிபெயர்த்துவிடுங்கள்: "கதவு மேல்பக்கமாகத் திறக்கிறது, பறவை சிறகை விரிப்பதுபோல." ஊர், தெரு, கார் நிற்கும் இடம், பதிவெண் ஆகியவற்றை ஒலிபரப்பில் சொல்ல விடாதீர்கள். பழைய கார்களுக்கும் அவற்றின் உதிரிப் பாகங்களுக்கும் திருடர்களிடமும் நல்ல மதிப்பு உண்டு.

8. சிரிப்பு எங்கிருந்து வர வேண்டும்

காரின் பிடிவாதத்திலிருந்து வர வேண்டும். அதைத் தாங்கிக்கொள்ளும் மனிதரின் அன்பிலிருந்தும் வரலாம். அவருடைய பேச்சு வழக்கிலிருந்தோ வயதிலிருந்தோ வசதியிலிருந்தோ ஒருநாளும் வரக்கூடாது. காரைப் பற்றிச் சிரித்தால் உரிமையாளரும் சேர்ந்து சிரிப்பார், ஏனென்றால் அதைப் பற்றி அவரைவிட அதிகம் சிரித்தவர் இல்லை. பழைய கார் வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது என்று அவர்களே சொல்வார்கள். பத்து வருடம் தேடிய கார் கிடைத்த பிறகு அதன் ஒரு கைப்பிடிக்காக இன்னொரு பத்து வருடம் தேடியவரிடம், "யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதையைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

இரண்டு பேர் நடத்தினால் ஒருவருக்குக் கார் தெரிந்திருக்கட்டும், மற்றவர் தெரியாதவராகவே இருக்கட்டும். தெரியாதவர் கேட்கும் கேள்விதான் நேயரின் கேள்வி. ஒருநாள் என்னோடு நடத்திய பெண்மணி, சோக் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம், "அப்படியென்றால் காலையில் எழுந்ததும் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொள்வது மாதிரியா?" என்றார். மெக்கானிக் யோசித்துவிட்டு, "ஆமாம்மா, ஆனால் ரொம்ப நேரம் போர்த்தியிருந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும்" என்றார். எழுதி வைத்துச் சொன்னால் இந்தச் சிரிப்பு வராது. எழுதி வைத்த சிரிப்புத் துணுக்குகளை நான் நிகழ்ச்சிக்குள் கொண்டுபோவதையே விட்டுவிட்டேன்.

ஒலிப்புதிரை மட்டும் தவறாமல் வையுங்கள். ஐந்து வினாடி இன்ஜின் சத்தம், "இது எந்த வண்டி?" முதல் குறிப்பு கடினம், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குழந்தைக்கும் புரிவது. சிட்ரோயன் 2சி.வி. என்றால் முதல் குறிப்பாக 1948, இரண்டாவதாக இரண்டு சிலிண்டர், மூன்றாவதாக உழுத வயலில் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுபோக வேண்டும் என்ற கட்டளையோடு வடிவமைத்த கார் என்று சொல்லலாம்.

9. நேயர் அழைப்பு

அழைப்பை எடுத்துப் பேசிப் பார்த்து, பெயரையும் விஷயத்தையும் திரையில் எழுதித் தர வெளியே ஒருவர் வேண்டும். அவர் இல்லாத நாளில் அழைப்பை நேரலையில் எடுக்காதீர்கள். ஒலிபரப்பைச் சில வினாடி தாமதப்படுத்தும் கருவி உங்கள் நிலையத்தில் இருந்தால் அதன் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் நிகழ்ச்சி என்றால் பாதிப் பேர் தங்கள் காரின் நோயைச் சொல்லித்தான் அழைப்பார்கள். பாஸ்டனில் டாம், ரே மாலியாட்ஸி என்ற சகோதரர்கள் 1977-இல் உள்ளூர் நிலையம் ஒன்றில் தொடங்கிய 'கார் டாக்' முழுக்க இப்படிப்பட்ட அழைப்புகளால் ஆனதுதான். 1987-இல் அது அமெரிக்கா முழுவதும் போய், 2012 வரை புதிய நிகழ்ச்சிகள் வந்தன. அவர்களிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. முன்பு அழைத்தவர்களில் சிலரைத் திரும்ப அழைத்து, தாங்கள் சொன்ன வைத்தியம் பலித்ததா என்று நேயர்கள் முன்னால் கேட்பார்கள். தவறியிருந்தால் அதையும் ஒலிபரப்பினார்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது நீங்களும் செய்யுங்கள். ஆனால் பிரேக், ஸ்டீயரிங், எரிபொருள் கசிவு என்ற மூன்றில் எதைப் பற்றி அழைத்தாலும் வைத்தியம் சொல்லாதீர்கள். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழைக்கச் சொல்லுங்கள்.

10. தகவலைச் சரிபார்ப்பது

பழைய கார் உலகில் கட்டுக்கதை அதிகம். "உலகத்திலேயே இது ஒன்றுதான்", "இன்னாருடைய கார் இது" என்பவை அடிக்கடி வரும். விருந்தினர் பொய் சொல்வதில்லை, அவருக்கு விற்றவர் சொன்னதைச் சொல்கிறார். பதிவுச் சான்றையும் சேஸிஸ் எண்ணையும் முன்பேச்சின்போதே கேட்டுப் பாருங்கள். உறுதி இல்லையென்றால், "உங்கள் குடும்பத்தில் சொல்லப்படுவது" என்று சேர்த்துச் சொன்னால் போதும். நீங்களே தவறாகச் சொல்லிவிட்டால் மறுநாள் காலை அதே நேரத்தில் திருத்துங்கள். இந்த நேயர்கள் ஆண்டையும் மாடலையும் மறக்கவே மாட்டார்கள்.

11. எதிர்பாராதது

விருந்தினர் தன் பழைய காரிலேயே கிளம்பி வழியில் நின்றுபோவார். இது நடக்குமா என்று கேட்காதீர்கள், எப்போது என்று மட்டும் கேளுங்கள். அதற்காக ஆறு நிமிடப் பதிவு ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். அதைவிட நல்லது, நின்ற இடத்திலிருந்தே அவரைத் தொலைபேசியில் பிடிப்பது. முதலில் சாலையைவிட்டு விலகிப் பாதுகாப்பாக நிற்கிறாரா என்று ஒலிபரப்புக்கு வெளியே கேட்டுக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசும் மனிதர் எந்த ஸ்டூடியோ விருந்தினரைவிடவும் உயிரோடு பேசுவார், பின்னணியில் லாரி போகும் சத்தம் உட்பட.

12. முடிந்த பிறகு

அன்றே பதிவைக் கேளுங்கள், முடிந்தால் காரில் போகும்போது, நேயர் கேட்கும் அதே இரைச்சலில். எங்கே உங்கள் மனம் வேறெங்கோ போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் நேயரும் போயிருப்பார். ஒரு நாளைக்கு ஒரு குறையை மட்டும் எடுத்து மறுநாள் திருத்துங்கள்.

விருந்தினருக்கு அவருடைய பகுதியின் பிரதியை அனுப்புங்கள். கூடவே, வெட்டாத, முழு நீளக் குளிர் ஸ்டார்ட் பதிவையும். என்னிடம் அப்படி வாங்கிப்போன ஒருவர் நான்கு வருடம் கழித்து அழைத்தார். காரை விற்க வேண்டி வந்துவிட்டதாம். அந்தப் பதிவு தொலைந்துவிட்டது, இன்னொரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். என் அலமாரியில் ஆண்டும் மாடலும் எழுதி ஒட்டிய உறைக்குள் அது இருந்தது. நீங்களும் முதல் நாளிலிருந்தே ஒட்டி வையுங்கள்.